மாரியில் பிள்ளைகளோடு தனித்திருக்கும் தகப்பன்மாருக்கு

மட்டக்களப்பில் மாரி இறங்கிவிட்டது. ஆண்டு மழையின் பெரும்பங்கு நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிற ஊர் இது. தோணிகள் கரையேறிவிட்டன, கூலி வேலை நின்றுவிட்டது, பாலர் பாடசாலையும் பூட்டு. கல்லாற்றிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் எத்தனையோ வீடுகளில் இந்த நாட்களில் சின்னப் பிள்ளைகளோடு தனியே இருப்பவர் தகப்பன்தான். தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருப்பார், அல்லது ஆடைத் தொழிற்சாலைக்குப் போயிருப்பார், அல்லது அடுத்த பிள்ளைப்பேற்றுக்காக ஆஸ்பத்திரியில் இருப்பார்.

இந்தப் பகுதியில் பெண் பிள்ளைக்கே வீடும் வளவும் கொடுப்பது வழமை. மருமகன் அங்கே வந்து குடியிருப்பார். அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். பிள்ளைக்கு மேல் சுட்டால் அவர்களே ஓடிவந்து பார்ப்பதால் தகப்பன்மாருக்கு இந்த வேலை பழகவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒழுங்கை நிரம்பிய நாளில் பக்கத்து வளவுக்குக்கூடப் போக முடியாது. அதனால் மழை சற்று வெளித்திருக்கும்போதே அம்மம்மாவிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்டறிந்து வைக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, பிள்ளையின் நிறை. கிளினிக் புத்தகத்தில் கடைசியாக எழுதிய நிறையைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரசிட்டமோல் அளவு வயதைவிட நிறையைப் பொறுத்தது. கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு முறைக்கு 5 மில்லிலீற்றர். போத்தலோடு வந்த அளவுக் கரண்டியால் அளந்து கொடுங்கள், தேத்தண்ணிக் கரண்டி வேண்டாம். கொடுத்த நேரத்தைக் கலண்டரில் எழுதுங்கள், இரவில் இரண்டு தடவை கொடுத்துவிடுகிற தவறு அதனால் நிற்கும்.

டெங்கு இங்கே மழையோடுதான் கூடும். ஆகவே இந்த மாதங்களில் காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம் என்று எண்ணியே நடக்க வேண்டும். பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்குளோபினக் எதுவும் கொடுக்கக் கூடாது, இரத்தப் பெருக்கை அவை கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் தகப்பன் மனம் ஆறிவிடுவார். ஆனால் டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதே தொடங்குகிறது. வயிற்று நோவு, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், பிள்ளை துவண்டு படுத்தல், இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை பொறுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இடும்வரை குடிக்கக் கொடுக்கக் கூடாது. எந்தத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனிப் பக்கெற் ஒன்றை முழுதாக ஒரு லீற்றர் ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பக்கெற், அரைக் கோப்பை என்று கண்மட்டத்தில் கலப்பது கெடுதல். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200 வரை, கொஞ்சங் கொஞ்சமாக. 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். சாப்பாட்டை நிறுத்த வேண்டியதில்லை.

மின்சாரம் போனால் குப்பி விளக்கு வெளியே வரும். ஒரு பழைய போத்தல், ஒரு திரி, அரைப் போத்தல் மண்ணெண்ணெய். பூனை தட்டினாலும் சரியும், சரிந்தால் எண்ணெய் பாயில் ஓடி எரியும். இப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் விஜய கொடகும்புர, இலகுவில் சரியாத, தட்டையான பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட கனமான கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்தார். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அப்படியொரு விளக்கு இல்லாத வீட்டில் ரோச் லைற்றே போதும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனித் தண்ணீர். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் படுவான்கரையின் தாழ்ந்த நிலம் நிறையும். கிரான் பக்கத்தில் புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் படகில்தான் போக்குவரத்து. வாவி பெருகினால் முகத்துவாரத்தின் மண்திட்டை வெட்டி விடுவார்கள். அதைப் பார்க்கச் சனம் கூடும், தகப்பனும் பிள்ளையைத் தோளில் வைத்துப் போவார். போகாதீர்கள். வெட்டின வாயின் கரை கண் முன்னே இடிந்து விழும். 2024 நவம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் புரண்டது, பிள்ளைகள் உயிர் இழந்தார்கள். உழவு இயந்திரமே நிலைக்காத நீரில் ஒரு மனிதரின் கால் நிலைக்காது. வெளியேறச் சொன்னால் நீர் ஏறுமுன்பே, பகலிலேயே வெளியேறுங்கள். சாமான் மீந்தால் பிறகு எடுக்கலாம்.

வயலில் இறங்கித் திரும்புகிற தகப்பனுக்கு எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு. தடுப்பு மாத்திரைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். பிள்ளைகளைப் பார்க்கிற ஒரே ஆள் விழுந்தால் வீடே நின்றுவிடும்.

பிள்ளைகளை நாள் முழுக்கப் போனோடு விட்டுவிடாதீர்கள். பிட்டுக்கு மாக் குழைக்க மூத்த பிள்ளையைக் கூட்டுங்கள். புளியங்கொட்டையை எண்ணி விளையாடட்டும். வேலிக்கு வெளியே போனாலும், கிணற்றடிக்குப் போனாலும், ஐந்து நிமிடம்தான் என்றாலும், சின்னவரைத் தூக்கிக்கொண்டே போங்கள். தாய் அழைக்கிற நேரத்தில் நெற்வேர்க் இருந்தால் பிள்ளையின் முகத்தைக் காட்டுங்கள். தூர இருப்பவருக்கும் இந்த மழை கடினமானது.

இன்றிரவே போனில் பதிந்து வையுங்கள்: அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சிறுவர் உதவி 1929. கிளினிக் புத்தகத்தையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீனில் கட்டி உயரத்தில் வையுங்கள். போனை மழைக்கு முன் நிறையச் சார்ஜ் செய்துவிடுங்கள்.