துக்கா என்னும் எகிப்திய இடிபொடி

எகிப்து நாட்டார் இல்லங்களில் வழங்கும் துணையுணவுகளுள் துக்கா என்பது ஒன்று. எள், கொத்துமல்லி விதை, சீரகம், மிளகு, உப்பு ஆகியவற்றோடு யாதேனும் ஒரு கொட்டையையோ கடலையையோ வறுத்து இடித்துக் கூட்டுவது அது. 'இடித்தல்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லடியினின்று இப்பெயர் பிறந்தது. கெய்ரோ நகரத்தார் இடையிலுள்ள ககர வொலியைத் தொண்டையளவில் நிறுத்திவிடுவராதலின், அவர் வாயில் அது 'துஆ' என்பதுபோல் செவிப்படும். பெயரில் எள்ளும் இல்லை, கொட்டையும் இல்லை. இடிக்குந் தொழில் ஒன்றே உள்ளது. இதனை மாணாக்கர் முதற்கண் மனத்திற் கொள்க. பொருள்களின் அளவை மிகக் கருத்தாய் நோக்கி, இடிக்கும் வகையை நோக்காது விடுவார் பொடிக்கு மாறாகப் பசையையே பெறுவர்.

எட்வர்டு வில்லியம் லேன் என்னும் ஆங்கில அறிஞர் எகிப்தியரோடு நெடுநாட் பழகி, அவர்தம் பழக்க வழக்கங்களைப் பற்றி 1836இல் ஒரு நூல் வெளியிட்டார். வேறு கறிகளுக்கு வழியற்றவர் ரொட்டியைத் துக்காவில் தோய்த்து உண்டே ஒருவேளைப் பசியை ஆற்றுவர் என்பது அந்நூலால் அறியப்படும். அவர் கூறும் உறுப்புகளாவன: உப்பும் மிளகும், ஸாத்தர் என்னும் நறுமணப் பூண்டு, புதினா, சீரகம் இவற்றுள் ஒன்று, இவற்றோடு கொத்துமல்லி, இலவங்கப்பட்டை, எள், கொண்டைக்கடலை என்பனவற்றுள் ஒன்றோ பலவோ. இன்று பலரும் துக்காவின் உயிரெனக் கருதும் கொட்டை அவ்வரிசையில் இல்லாமை காண்க! கெய்ரோவிற் பிறந்த கிளாடியா ரோடன் அம்மையார் 1968இல் வெளியிட்ட மத்தியகிழக்குச் சமையல் நூலிலோ கொட்டை இடம்பெறுகின்றது. குடும்பத்துக்குக் குடும்பம் இது வேறுபடும் என்பதும் அவர் கருத்து. ஆகவே, 'இதுவே மெய்யான துக்கா' என்று வழக்காடுவார் கூற்றுக்கு நாம் செவிசாய்க்க வேண்டுவதில்லை. 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துத்தங்காமன் கல்லறையிற் கொத்துமல்லி விதை இருந்தது மெய்யே. அதுகொண்டு துக்காவும் அத்துணைப் பழமையது என்பதும் பொருந்தாது. விதை வேறு, கூட்டு வேறு.

அக்கொட்டையை அரபியர் 'புந்துக்கு' என்பர். ஆங்கிலத்தில் ஹேசல் எனப்படுவது அது. கருங்கடற் கரையிலுள்ள பொந்து நாட்டின் பெயரால் கிரேக்கர் வழங்கிய சொல்லே அரபியிற் புகுந்து இவ்வாறு திரிந்தது. உருண்டை வடிவத்தால் அப்பெயர் வில்லுண்டைக்கும், பின்னர்த் துப்பாக்கிக் குண்டுக்கும் ஆயிற்று. துப்பாக்கியைக் குறிக்கும் 'பந்தூக்' என்னும் இந்துஸ்தானிச் சொல்லும் அவ்வழி வந்ததே. சமையற் கூடத்தினின்று படைக்கலச் சாலைக்குச் சென்ற சொற்கள் சிலவே போலும். இக்கொட்டை கிடையாதவிடத்து வாதுமையோ நிலக்கடலையோ வறுத்த கொண்டைக்கடலையோ கொள்ளலாம்.

இனிச் செய்யும் வகை. எள் 200 கிராம், கொத்துமல்லி விதை 100 கிராம், கொட்டை 100 கிராம், சீரகம் 50 கிராம், உப்பு 2 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி கொள்க. ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணெயின்றி வறுத்தல் வேண்டும். கொட்டை உள்வரை சிவக்கப் பத்து நிமிடமேனும் செல்லும். சீரகமோ ஒன்றிரண்டு நிமிடத்திற் கருகிக் கசக்கும். எல்லாவற்றையும் ஒருங்கே சட்டியிலிட்டால் ஒன்று பச்சையாயிருக்க மற்றொன்று தீய்ந்துவிடும். எள் வெடிக்கத் தொடங்கிப் பொன்னிறம் எய்தியவுடன் இறக்கி, வேறு தட்டிற் பரப்புக. சூடான சட்டியிலேயே விட்டால் அடுப்பினின்று இறக்கிய பின்னும் அது வறுபட்டுக்கொண்டேயிருக்கும். வறுத்த கொட்டையைத் துணியிலிட்டுத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும்.

வறுத்தவை முற்றும் ஆறிய பின்னரே உரலிடுக. இவ்விடத்திற் பொறுமை இன்றியமையாதது. எள்ளிலும் கொட்டையிலும் ஏறத்தாழப் பாதிப்பங்கோ அதற்கு மேலோ எண்ணெயே உள்ளது. சூட்டில் அவ்வெண்ணெய் இளகி நிற்குமாதலால், சூடாறாமுன் இடித்தாலும், ஆறியபின் மிகுதியாய் இடித்தாலும் அது வெளிப்பட்டுப் பொடியைப் பிணைத்துவிடும். கொத்துமல்லி, சீரகம், மிளகு ஆகியவற்றை உப்போடு சேர்த்து முதலில் இடிக்க. இவை சற்று நுண்ணியவாயினும் தீங்கில்லை. பின்னர்க் கொட்டையை வேறாக இடித்து, அரிசிக் குருணையளவாய் உடைந்தவுடன் உலக்கையை நிறுத்துக. எள்ளிற் பாதியை மட்டும் இலேசாய் நசுக்கி, மறுபாதியை முழுதாகவே கலத்தல் நலம். மின்னரைவை உடையார் அதனைத் தொடர்ந்து ஓட்டாது, நொடிக்கொரு முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டுக. உலர்ந்த புதினா சேர்ப்பதாயின் வறுக்காமற் கையாற் கசக்கி இறுதியில் தூவுக.

உண்ணும் முறையும் நம் பொடிகளுக்குரிய முறையின் வேறானது. நாம் பொடியை எண்ணெயிற் குழைத்துத் தொட்டுக்கொள்கின்றோம். துக்காவுக்கோ ரொட்டித் துண்டை முதலில் ஒலிவ எண்ணெயில் தோய்த்து, அதன்பின் உலர்ந்த பொடியில் ஒற்றுதலே பெருவழக்கு. எண்ணெயும் பொடியும் வாயிற் சேரும் வரை பிரிந்தே நிற்பதால், பல்லிற் பட்டு நொறுங்கும் தன்மை கெடுவதில்லை. எகிப்தியர் ரொட்டியை 'அயிஷ்' என்பர். 'வாழ்வு' என்பது அச்சொல்லின் பொருள். அவித்த முட்டைமேலும் இதனைத் தூவி உண்ணலாம்.

காற்றுப்புகாத கண்ணாடிக் குப்பியில் அடைத்து, வெயிலும் வெப்பமும் படாதவிடத்து வைத்தால் சில வாரங்கள் கெடாது. அதன்பின் எள்ளெண்ணெய் சிக்குநாற்றம் கொள்ளத் தொடங்குமாதலின், சிறிது சிறிதாகச் செய்துகொள்வதே தக்கது. கொட்டையும் எள்ளும் சிலர் உடலுக்கு ஒவ்வாமல் உயிருக்கே ஏதம் விளைப்பனவாதலின், விருந்தினர்க்குப் படைக்குமுன் அவரை வினவி அறிந்துகொள்க.