குனோ காட்டுக்குப் போன மகன்

மயூர் என்றால் மயில். விஹார் என்றால் வாழும் இடம். டில்லியில் யமுனைக்குக் கிழக்கே இருக்கிறது மயூர் விஹார். பெயரில்தான் மயில். கண்ணில் படுவதெல்லாம் மாடி வீடுகள்.

அங்கே ஒரு தமிழ் அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். ஒரு டிசம்பரில் பயணிகளை ஏற்றிக்கொண்டு மத்தியப் பிரதேசம் போனான். அங்கே ஷியோப்பூர் மாவட்டத்தில் குனோ தேசியப் பூங்கா இருக்கிறது. காட்டு ஜீப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. பயணிகள் அவனையும் ஏற்றிக்கொண்டார்கள்.

திரும்பி வந்ததும் அம்மா கேட்டார்: "சிறுத்தையைப் பார்த்தியாடா?"

"அங்கே சிறுத்தையும் இருக்கும்மா. ஆனால் எல்லோரும் பார்க்கப் போவது சிவிங்கிப்புலியை."

இரண்டும் வேறு வேறு. சிறுத்தையின் புள்ளிகள் பூப்போல வட்டமாக இருக்கும். சிவிங்கிக்கு மைப்பொட்டு வைத்ததுபோல் தனித்தனிப் புள்ளிகள். கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கும். கண்ணீர் வழிந்த தடம் போல இருக்கும். ஓடினால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். ஆனால் கொஞ்ச தூரம்தான். பிறகு மூச்சு வாங்கும்.

முன்பு நம் நாட்டிலும் சிவிங்கிகள் இருந்தன. வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். 1952இல் இந்தியாவில் சிவிங்கி இல்லை என்று அரசு அறிவித்தது. 70 ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 17 அன்று, ஆப்பிரிக்காவின் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகள் விமானத்தில் வந்தன. 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு வந்தன.

சில இறந்தும் போயின. அவற்றின் ஊரில் ஜூன், ஜூலை குளிர்காலம். அதனால் ரோமம் அடர்த்தியாக வளர்ந்தது. இங்கேயோ அது மழைக்காலம். கழுத்தில் கட்டிய ரேடியோப் பட்டைக்கு அடியில் ஈரம் தங்கியது. புண் வந்து புழு வைத்தது.

"அந்தக் காட்டில் மனுஷங்க இல்லையா?" என்று அம்மா கேட்டார்.

இருந்தார்கள். சஹரியா என்னும் பழங்குடி மக்கள். 1990களின் கடைசியில் தொடங்கி, காட்டுக்குள் இருந்த 24 கிராமங்களை வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். குஜராத்தின் கீர் காட்டுச் சிங்கங்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். ஊர் காலியானது. சிங்கம் வரவே இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊரை விட்டு வருவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

காட்டைச் சுற்றி இன்றும் கிராமங்கள் உண்டு. 2025 மார்ச்சில் ஒரு தாய்ச் சிவிங்கி குட்டிகளோடு வந்து கன்றைப் பிடித்தது. ஊரார் கல்லெறிந்தார்கள். கன்று போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? வனவிலங்கு கொன்ற மாட்டுக்கு இழப்பீடு உண்டு. வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மனு எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் அடுத்தவர் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

நமீபியாவிலும் இதே தொல்லைதான். அங்கே சிவிங்கிகளில் பெரும்பாலானவை பண்ணை நிலங்களில்தான் திரிகின்றன. ஆட்டைத் தூக்கினால் பண்ணைக்காரர் சுட்டுவிடுவார். அதனால் 1994 முதல் அங்கே பெரிய காவல் நாய்களை வளர்த்துக் கொடுக்கிறார்கள். நாய் குரைத்தால் சிவிங்கி விலகிப் போகும். ஆடும் பிழைக்கும், சிவிங்கியும் பிழைக்கும். குனோவைச் சுற்றியும் 'சிவிங்கி நண்பர்கள்' என்று கிராமத்தாருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

"அதெல்லாம் சரி. நீ சிவிங்கியைப் பார்த்தியா, இல்லையா?"

"இல்லம்மா. மண்ணில் கால்தடம்தான் பார்த்தேன். புள்ளிமான் கூட்டம் பார்த்தேன்."

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "மயில் நிறையப் பார்த்தேன்."