வக்கீல் ஃபீஸுக்கு உச்சவரம்பு போட்டால் போதுமா?

கேள்வி: என் கணவர் தொப்பூர் கணவாயில் லாரி மோதி இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலேயே ஒருவர் வந்து பேசி, எங்களை ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனார். வக்காலத்தோடு, எழுதாத இரண்டு செக்கிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இழப்பீட்டில் நூற்றுக்கு இருபத்தைந்து தனக்கு என்கிறார் வக்கீல். இவர்கள் ஃபீஸுக்கு அரசாங்கமே வரம்பு கட்டினால் இந்த அநியாயம் நிற்காதா?
- வாசகி, கடத்தூர்

பதில்: சகோதரி, இழப்பீட்டில் பங்கு கேட்க எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, கிடைப்பதில் பங்கும் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 20ஆவது நடத்தை விதி. இருபத்தைந்தும் தப்பு, ஐந்தும் தப்பு. ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பது தனிக் குற்றச்சாட்டு.

தெலங்கானாவில் இதேபோல் விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண் பத்து லட்சம் ஃபீஸ் கொடுத்த பிறகும், அவரிடம் வக்கீல் மேலும் மூன்று லட்சத்துக்கு செக் வாங்கினார். அது திரும்பியதும் அந்தப் பெண் மீதே செக் மோசடி வழக்கு. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆதர்ஷ் குமார் கோயல், உதய் உமேஷ் லலித் அந்த வழக்கை ரத்து செய்தார்கள். சதவீத ஃபீஸ் பொதுநலனுக்கு விரோதம் என்றார்கள். வக்கீல் ஃபீஸை ஒழுங்குபடுத்தச் சட்டம் தேவை என்பதையும் அரசுக்கு நினைவூட்டினார்கள். சட்ட ஆணையம் 1988லேயே தன் 131ஆவது அறிக்கையில் இதைப் பேசியிருந்தது. சட்டம் இன்னும் வரவில்லை.

வர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வரம்பு மட்டும் போதாது. சதவீத ஃபீஸுக்கு இன்று இருக்கும் வரம்பு பூஜ்யம். அப்படியும் வாங்குகிறார்கள், ஏனென்றால் பேச்சு வாய்மொழி, பணம் ரொக்கம், ரசீது கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 1973ஆம் ஆண்டு ஃபீஸ் விதிகளும் தோற்றவர் ஜெயித்தவருக்குத் தர வேண்டிய செலவுத் தொகையைத்தான் கணக்கிடுகின்றன. சொந்தக் கட்சிக்காரரிடம் வக்கீல் வாங்குவதை அவை தொடுவதில்லை. ஜெர்மனியில் வழக்கின் மதிப்பை வைத்துச் சட்டமே ஃபீஸ் அட்டவணை தருகிறது. அதிலிருந்து விலகிப் பேசினால் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்துதான் வரம்புக்குப் பல் கொடுக்கிறது. இங்கும் முதலில் எழுத்து ஒப்பந்தத்தையும் ரசீதையும் கட்டாயமாக்க வேண்டும்.

பணம் போகும் பாதையும் முக்கியம். இழப்பீட்டை நேராக உரியவரின் வங்கிக் கணக்கிலேயே போட வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்த உச்சவரம்பையும் விட இது அதிகம் காப்பாற்றும், செக் புத்தகம் உங்களிடம் இருந்தால்.

இன்னொன்று. சம்பளமே இல்லாமல் வருடக்கணக்கில் சீனியர் பின்னால் அலையும் இளம் வக்கீல்தான் கேஸ் பிடித்துத் தரும் புரோக்கர் கையில் எளிதாக விழுகிறார். சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தரச் சொன்னது. மேலே வரம்பு கேட்பவர்கள் கீழே இருக்கும் இந்தத் தொகைக்காகவும் குரல் கொடுக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்த இரண்டு செக்குகளுக்கும் பணம் தர வேண்டாம் என்று நாளைக்கே வங்கியில் எழுதிக் கொடுங்கள். வக்கீலை மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க முடியாது, உச்ச நீதிமன்றம் 2000இலேயே இதைத் தீர்த்துவிட்டது. தருமபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100க்கு அழைத்தும் கேட்கலாம். நுகர்வோர் நீதிமன்றம் போகாதீர்கள், வக்கீல் சேவை அதில் வராது என்று 2024இல் தீர்ப்பாகிவிட்டது. புகார் போக வேண்டிய இடம், சென்னையில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில். அங்கே ஒரு வருடத்துக்குள் முடிவாகாவிட்டால் விசாரணை டெல்லிக்கு, இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். புகாரில் செக் எண்களையும், ஆஸ்பத்திரிக்கு வந்த ஆளின் பெயரையும், வந்த தேதியையும் எழுதுங்கள்.