போர் விமானம் வாங்குவது எப்படி?
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



ஐயங்கார்குளத்தில் ஒரு விவசாயி கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலையை மட்டுமா கேட்பார்? "எத்தனை எச்.பி.? கரண்டு எவ்வளவு இழுக்கும்? காயில் போனா காஞ்சிபுரத்திலேயே கட்டிக்கலாமா?" என்று எல்லாம் கேட்பார். விமானப்படை போர் விமானம் தேர்வு செய்வதும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆனால் இங்கே வாங்கும் பொருள் நாற்பது வருடம் உழைக்க வேண்டும்!

முதலில் தேவையைப் பார்ப்போம். நமது விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டவை 42 ஸ்குவாட்ரன்கள். 1963-ல் சேர்ந்த மிக்-21, 62 ஆண்டுகள் உழைத்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் ஓய்வு பெற்றது. அப்போது மிஞ்சியது 29. ஒரு ஸ்குவாட்ரனுக்கு 16 விமானம் என்றாலே, 13 ஸ்குவாட்ரனுக்கு 208 விமானம் குறைகிறது. இதை நிரப்ப மூன்று வழிகள் உண்டு.

1. தயாராக உள்ளதை வாங்குவது: 2007-ல் 126 விமானங்களுக்கு டெண்டர் விட்டார்கள். ஆறு விமானங்கள் போட்டியிட்டன. 2012-ல் பிரான்சின் ரஃபேல் தேர்வானது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போக, கடைசியில் 2016-ல் 36 மட்டும் சுமார் 59,000 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்டன. முதல் ஐந்து அம்பாலாவில் இறங்கியது 2020-ல். டெண்டரிலிருந்து 13 வருடம்! சேர்ந்ததோ இரண்டே ஸ்குவாட்ரன்.

2. உரிமம் பெற்றுத் தயாரிப்பது: ரஷ்யாவின் சுகோய்-30 எம்.கே.ஐ. இப்படித்தான் எச்.ஏ.எல். நிறுவனத்தின் நாசிக் தொழிற்சாலையில் உருவானது. 2020 ஜனவரியில் நம் தஞ்சாவூரிலேயே, பிரமோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய் ஸ்குவாட்ரன் அமைந்தது. எண்ணிக்கை கிடைக்கும், கைத்திறனும் வளரும். ஆனால் மூல வடிவமைப்பு நம்முடையது அல்ல.

3. நாமே வடிவமைப்பது: இதுதான் தேஜஸ். 1983-ல் திட்டம், 2001 ஜனவரி 4-ல் முதல் பறப்பு, 2016-ல் முதல் ஸ்குவாட்ரன். 2018-ல் அது கோவை அருகே சூலூருக்கு வந்தது. 2021-ல் 83, 2025-ல் இன்னும் 97 என தேஜஸ் மார்க்-1ஏ ஆர்டர் ஆகியிருக்கிறது. ஆனால் என்ஜின் அமெரிக்காவினுடையது. 2024 மார்ச்சில் தொடங்க வேண்டிய சப்ளை தள்ளிப்போனது. புது ஆர்டரின் முதல் என்ஜினே 2025 மார்ச்சில்தான் தரப்பட்டது. உடல் தயார், இதயம் வரவில்லை என்ற கதை.

விலையை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. ரஃபேல் தொகையை 36-ஆல் வகுத்து, "ஒன்று 1,600 கோடியா!" என்று மலைக்கிறோம். அதில் ஆயுதம், உதிரிபாகம், பராமரிப்பு எல்லாம் அடக்கம். மேலும் ரஃபேலுக்கு இரண்டு என்ஜின், தேஜஸுக்கு ஒன்று. டி.வி.எஸ். 50-ஐயும் லாரியையும் பக்கத்தில் நிறுத்தி விலை பேசலாமா? எந்த வேலைக்கு எது என்பதே கேள்வி.

அப்படியானால் எது சரி? இன்றைய பள்ளத்தை நிரப்ப வெளியில் வாங்கத்தான் வேண்டும். எதிரி நம் ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க மாட்டான். ஆனால் நாற்பது வருடக் கணக்குக்கு சொந்த என்ஜின் இல்லாமல் விடிவு இல்லை. பெங்களூரில் உருவான காவேரி என்ஜின் தேவையான உந்துவிசையை எட்டாததால், 2008-ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. ஏன் இவ்வளவு கஷ்டம்? டர்பைன் பிளேடைத் தொடும் வாயுவின் வெப்பம், அந்த உலோகத்தின் உருகுநிலையையே தாண்டும். பிளேடுக்குள் நுண்ணிய துளைகள் வழியே காற்றைச் செலுத்திக் குளிர்விக்க வேண்டும். ஒரே படிகமாக வார்க்க வேண்டும்.

வார்ப்பு, வெப்பப் பதனம், நுண் அளவீடு: இவை மூன்றும் நம் பாடத்திட்டத்தில் உள்ளவைதானே, நண்பர்களே? "பாஸ் மார்க் வந்தா போதும்" என்று நாம் தாண்டிப்போகும் அந்தப் பக்கங்களில்தான் நாட்டின் என்ஜின் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த முறை மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கும்போது, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!