கணைய நீர்க்கட்டி: முதலில் கதையைக் கேள்

அன்புள்ள கயல்விழி,

அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சி தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். கணையத்தில் நீர்க்கட்டி என்று ஸ்கேன் அறிக்கை வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தாய். படத்தைப் பார்க்குமுன் நோயாளியிடம் பேசு.

கணைய அழற்சி வந்துபோனவருக்கோ வயிற்றில் அடிபட்டவருக்கோ சில வாரம் கழித்துத் தோன்றும் கட்டி பெரும்பாலும் பொய்நீர்க்கட்டிதான். அது புற்றுநோயாக மாறாது. அப்படியொரு முன்கதை இல்லையென்றால் அது உண்மையான கட்டியோ என்று சந்தேகப்படு. சில கட்டிகள் நாளத்தை அடைத்துத் தாமே அழற்சியை வரவழைக்கும் என்பதால், எது முதலில் வந்தது என்றும் விசாரி. பொய்நீர்க்கட்டி என்று நம்பி இரைப்பைக்குள் வடித்துவிட்டால், வெட்டி எடுத்திருக்க வேண்டிய கட்டி உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்து வயதும் பாலினமும். இளம்பெண்ணின் கணையத்தில் திடப்பகுதியும் இரத்தக்கசிவும் கலந்த பெரிய கட்டி தெரிந்தால், அரிதான சாலிட் சூடோபாப்பில்லரி கட்டியை நினை. 1959இல் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் விவரித்ததால் ஃபிரான்ட்ஸ் கட்டி என்றும் சொல்வார்கள். வீரியம் குறைந்த புற்று அது. முழுதாக அகற்றினால் பெரும்பாலோர் நெடுங்காலம் நலமாக வாழ்கிறார்கள். நடுவயதுப் பெண்ணுக்குக் கணையத்தின் வால் பக்கம் இருந்தால் மியூசினஸ் கட்டியாகலாம். அது புற்றாக மாறக்கூடியது. நுண்ணறைகள் சேர்ந்து தேனடைபோல் தெரிவது சீரஸ் கட்டி. அதனால் ஆபத்து அநேகமாக இல்லை. இவ்விரண்டையும் 1978இல் கம்பாக்னோவும் எர்ட்டலும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். கட்டி கணைய நாளத்தோடு தொடர்பு கொண்டிருந்தால் நாளத்துக்குள் மியூசின் சுரந்து வளரும் ஐ.பி.எம்.என். வகையாக இருக்கலாம், அந்தத் தொடர்பைக் காட்டுவதில் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் கெட்டிக்காரன்.

இன்னும் தெளிவில்லையென்றால் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாக ஊசி செலுத்தி நீரை எடுப்பார்கள். அதில் சி.இ.ஏ. என்ற புரதம் மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தாலோ, குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தாலோ மியூசின் சுரக்கும் கட்டியின் பக்கம் சாய்வோம். அமைலேஸ் மிகக் குறைவென்றால் பொய்நீர்க்கட்டிக்கு வாய்ப்பு சொற்பம். ஒன்றை மனதில் வை: சி.இ.ஏ. கட்டியின் வகையைத்தான் சொல்லும், அது புற்றாகிவிட்டதா என்று சொல்லாது.

புற்றாகியிருக்குமோ என்று சந்தேகிக்க வேறு அடையாளங்கள் உண்டு. கணையத் தலையில் கட்டியோடு மஞ்சள் காமாலை, கான்ட்ராஸ்ட் ஏறும் 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சு, 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்த முதன்மை நாளம் — ஐ.பி.எம்.என். நோயாளியிடம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காதே.

கணைய அறுவை சிகிச்சை பெரிய அறுவை சிகிச்சை. தேவையில்லாமல் செய்வதும் தவறு, தேவைப்படும்போது தள்ளிப்போடுவதும் தவறு. எந்த ஒரு பரிசோதனையையும் தனியாக நம்பாதே. கதிரியல், இரைப்பைக்குடல், நோய்க்குறியியல் மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசு. கத்தியைப் பற்றி நோயாளியிடம் அதன்பிறகு பேசலாம்.

அன்புடன்,
உன் பெரியப்பா