பெரிய ஆபரேஷனுக்குப் பின் வரும் ஆண்டுகள்



"இத்தனை பெரிய ஆபரேஷன் செய்தால் ஆள் எத்தனை வருஷம் இருப்பாங்க?" பழனிசெட்டிபட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் இந்தக் கேள்வியையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்டு வைத்த பிறகும் நோய் திரும்பி வருவதுண்டு. அது இடுப்புக்குள்ளேயே நின்றால், கர்ப்பப்பையோடு மூத்திரப்பையையும் மலக்குடலையும் சேர்த்து எடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. 1948-ல் நியூயார்க் மருத்துவர் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக், தாம் இவ்வாறு ஆபரேஷன் செய்த முதல் 22 பேரைப்பற்றி எழுதினார். அவர்களில் 5 பேர் ஆபரேஷனாலேயே இறந்தார்கள். மூத்திரக் குழாய்களை அவர் பெருங்குடலில் இணைத்திருந்தார். அதனால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏற இடமிருந்தது. 1950-ல் டாக்டர் யூஜின் பிரிக்கர் சிறுகுடலில் ஒரு துண்டைப் பிரித்து, சிறுநீருக்குத் தனி வழி அமைத்துக் காட்டினார்.

இன்று அனுபவமுள்ள பெரிய மருத்துவமனைகளில் ஆபரேஷனால் இறப்பவர் நூற்றுக்குச் சிலரே. வெட்டிய ஓரத்திலும் நோய் மிச்சமில்லாமல் எடுக்க முடிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். ஓரத்தில் மிச்சமிருந்தால் கடப்பவர் மிகக் குறைவு. ஆகவே ஸ்கேனில் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்று சொல்வதும் வைத்தியமே.

அப்படிச் சொல்ல நேரும்போதெல்லாம் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை நினைவுக்கு வரும். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவமனை பங்கெடுத்த ஆய்வில், 2000-ம் ஆண்டு முதல் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களை, பயிற்சி பெற்ற நர்சுகளே வினிகர் தடவிப் பரிசோதித்தார்கள். அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்நோயால் இறப்பவர் மற்றக் கிராமங்களைவிட 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் அறிக்கை வந்தது.

ஆபரேஷன் நடந்து பிழைத்தவருக்கு வயிற்றில் இரண்டு பைகள். ஒன்று மலத்துக்கு, ஒன்று சிறுநீருக்கு. முதல் சில மாதங்கள் கடினமானவை. ஒரு வருஷத்துக்குள் பலர் தேறி, வீட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். ஆனால் தாம்பத்தியத்தில் ஏற்பட்ட குறை பெரும்பாலும் தீராது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுமில்லை.

பை எங்கே அமைய வேண்டும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே, நோயாளியை உட்காரவும் நிற்கவும் வைத்துப் பார்த்து நர்ஸ் குறிக்க வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அமைந்துவிட்டால் பை ஒட்டாது, கசியும், தோல் புண்ணாகும். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல.

பைகளை அடிக்கடி மாற்ற வேண்டும், ஆயுள் முழுவதும் வாங்க வேண்டும். ஆபரேஷன் செலவுக்கு மனமுவந்து கொடுக்கிற நாம், ஆறாம் மாதத்துப் பைக்கு யார் கொடுப்பார் என்று கேட்பதில்லை. காசில்லாதபோது பாலித்தீன் கவரைத் துணியால் கட்டிக்கொண்டு சமாளிக்க வேண்டியதுதான். வேலை அன்றே நின்றுபோகும்.