72 பைண்ட், மூன்று நாள்

அன்புள்ள கதிருக்கு,

ஷெஃபீல்டிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. குளிர், அறை வாடகை, ஆய்வு வழிகாட்டியின் முகச்சுளிப்பு எல்லாவற்றுக்கும் பிறகு பதில் போடுகிறேன். கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதை முதலில் தீர்த்துவிட வேண்டும். "வெதர்ஸ்பூன்காரன் காலாவதி ஆகப்போகிற பீரை அடிமாட்டு விலைக்கு வாங்கி விற்கிறான், அதனால்தான் தெருமுனை பப்கள் மூடுகின்றன" என்று உன் அறைத்தோழன் சொன்னானாம். நீயும் அதை அப்படியே எனக்கு எழுதிவிட்டாய். மலிவு என்றால் கெட்டுப்போனதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முதுகலைப் பொருளாதாரம் எதற்கு? சந்தைக்குப் பை எடுத்துக்கொண்டு போகிற யாரும் சொல்வார்களே.

போதாக்குறைக்கு "நம்ம டாஸ்மாக் மாதிரி சார்" என்று வேறு. இல்லையப்பா. டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையைத் தன் கையில் மட்டுமே வைத்திருக்கும் அரசு நிறுவனம். எந்தக் கடைக்குப் போனாலும் அதே விலைதான். வெதர்ஸ்பூனோ பக்கத்து பப்பைவிடப் பைண்டுக்கு ஒரு பவுண்டோ அதற்கு மேலோ குறைத்து விற்றுப் பிழைக்கிற தனியார் பப் நிறுவனம். போட்டியே இல்லாத ஒன்றையும் போட்டியால் மட்டுமே வாழ்கிற ஒன்றையும் ஒரே தட்டில் வைக்காதே.

அந்த வதந்தியையே எடுத்துக்கொள். ஏறத்தாழ 800 பப்கள் நடத்துகிறவன், அங்கங்கே தேங்கிக் கிடக்கிற சரக்கைத் தேடிப் பொறுக்கியா கடை நடத்த முடியும்? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊரிலும் அவனுக்குச் சரக்கு வந்தாக வேண்டும். அவன் மலிவுக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. மதுவாலைகளிடம் மொத்தமாகப் பேரம் பேசுகிறான். பழைய திரையரங்கு, வங்கி, தபால் நிலையம் என்று பெரிய கட்டடங்களைப் பிடிக்கிறான். பெரும்பாலானவை சொந்தக் கட்டடங்கள். காலைச் சிற்றுண்டியிலிருந்தே கல்லா திறந்திருக்கிறது. பெரும்பாலான கிளைகளில் பாட்டு கிடையாது. 1979இல் வடக்கு லண்டன் மஸ்வெல் ஹில்லில் டிம் மார்ட்டின் என்பவர் தொடங்கியது, 1992இல் பங்குச்சந்தைக்கு வந்தது. நியூசிலாந்தில் அவருக்குப் பாடம் எடுத்த, வகுப்பை அடக்கத் தெரியாத ஓர் ஆசிரியரின் பெயராம் வெதர்ஸ்பூன். முப்பது பேர் கத்தும் வகுப்பில் நின்று பார்த்தவன் என்ற முறையில் என் அனுதாபம் முழுக்க அந்த ஆசிரியருக்கே.

ஆனால் இவையெல்லாம் எந்தப் பெரிய கடைக்கும் பொருந்தும். பீருக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பார்க்க நீ நிலவறைக்கு இறங்க வேண்டும்.

இங்கிலாந்தின் பழைய பாணிப் பீரான ஏல், பீப்பாய்க்குள் வந்த பிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும். 12 டிகிரி செல்சியஸ் அளவிலான நிலவறையில் அதைக் கிடத்தி, மண்டி படியவிட்டு, பிறகுதான் குழாயைச் செருகுவார்கள். மேலே ஒருவர் கைப்பம்பை இழுக்க இழுக்க, காலியாகும் இடத்தில் காற்று புகுகிறது. புகுந்த கணத்திலிருந்து கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. காலையில் இறக்கிய கள் பொழுது சாய்வதற்குள் புளித்துப்போவதைப் போல, இதுவும் புளிக்கும், சற்று நிதானமாக. மூன்று நாள், அவ்வளவுதான். நாலாம் நாள் வாசனை மங்கும், பிறகு காடி. ஃபர்கின் என்ற வழக்கமான பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைண்ட். ஆக, 72 பைண்டை மூன்று நாளில் விற்கிறவனிடம்தான் நல்ல பீர்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்குப் போடு. தெருமுனை பப் ஒன்றில் ஒருவகை ஏல் நாளுக்கு 24 பைண்ட் போகிறது என்று வை. மண்டியை விட்டால் மூன்று நாளில் பீப்பாய் காலி. ஊர் நடுவே மலிவுக் கடை திறக்கிறது. மதியப்பொழுதில் வந்துகொண்டிருந்த எட்டு ஓய்வூதியக்காரர்கள், ஆளுக்கு இரண்டு பைண்ட் குடித்தவர்கள், அங்கே போய்விடுகிறார்கள். போனது எட்டே பேர். ஆனால் நாளுக்கு 8 பைண்ட்தான் மிஞ்சுகிறது; மூன்று நாளில் 24. மீதி 48 பைண்டைச் சாக்கடையில் கொட்டலாம், அல்லது புளித்ததை ஊற்றிக் கொடுத்து மிச்சமிருப்பவர்களையும் துரத்தலாம். அதே நேரத்தில் மலிவுக் கடையில் பீப்பாய் ஒரே மாலையில் காலியாகி, அடுத்ததைச் செருகுகிறார்கள். உன் தோழன் பழைய சரக்கு என்று சொன்ன இடத்தில்தான் பீர் புதிதாக இருக்கும். மலிவு வேகத்தைக் கொடுக்கிறது, வேகம் தரத்தைக் கொடுக்கிறது, தரம் இன்னும் கூட்டத்தைக் கொடுக்கிறது. எதிர்க்கடையில் இதே சக்கரம் தலைகீழாகச் சுற்றுகிறது. சிறிய பீப்பாய் வாங்கலாமே என்பாய். எல்லா மதுவாலையும் நிரப்பித் தருவதில்லை. பைண்டுக்கு விலையும் கூடும். அதனால்தான் தடுமாறும் பப் முதலில் ஏலைக் கைவிட்டு, வாயு அழுத்தத்தில் வாரக்கணக்கில் தாங்கும் கெக் லாகர் என்ற வேறுவகைப் பீருக்கு மாறுகிறது. அந்த லாகரோ சூப்பர்மார்க்கெட்டில் இன்னும் மலிவு!

அப்படியானால் தெருமுனைக்காரரும் விலையைக் குறைத்து எட்டுப் பேரை மீட்கக்கூடாதா? இங்கேதான் குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான். பல பப்கள், அவற்றை நடத்துகிறவருக்குச் சொந்தமில்லை. குத்தகைக்கு எடுத்தவர், கட்டடக்காரர் சொல்கிற பீரை, கட்டடக்காரர் சொல்கிற விலைக்கு வாங்கியாக வேண்டும். பீர் டை என்று அதைச் சொல்வார்கள். அதே பீப்பாய்க்கு வெளிச்சந்தையைவிடப் பல பத்துப் பவுண்டு கூடுதலாகக் கொடுக்கிறவர் எப்படி விலையைக் குறைப்பார்? 1989இல் பிரிட்டன் அரசு இதை உடைக்கப் பார்த்தது: 2,000க்கு மேல் பப் வைத்திருக்கும் மதுவாலைகள், அதற்கு மேற்பட்டவற்றில் பாதியை விடுவிக்க வேண்டும் என்றது. மதுவாலைகள் விற்றன. வாங்கியது யார்? பீரே காய்ச்சாத, கட்டடமும் கடனும் மட்டுமே வைத்திருந்த பப் கம்பெனிகள். டை அவர்கள் கைக்கு மாறியது, அவ்வளவே. 2016இல் ஒரு விதித்தொகுப்பு வந்து, பெரிய கம்பெனிகளின் குத்தகைக்காரர்கள் வெறும் வாடகை மட்டும் கட்டும் வழியைக் கேட்கலாம் என்றது. அதற்குள் எத்தனையோ பப்களில் பலகை அடித்தாயிற்று.

பிரிட்டனில் 2000இல் அறுபதாயிரத்துச் சொச்சம் பப்கள். இப்போது நாற்பத்தைந்தாயிரம் அளவில். நடுவே 2007இல் புகைத்தடை, தீர்வை உயர்வு, கொரோனா. இன்றைய பப்களில் இரண்டு சதவீதம்கூட இல்லாத வெதர்ஸ்பூனை மட்டும் கூண்டில் ஏற்றுவது சோம்பேறித்தனம்.

பழைய பப் ஏழையும் பணக்காரனும் தோளோடு தோள் உரசிய இடம் என்று புலம்புகிறவர்களிடமும் எனக்குப் பொறுமை கிடையாது. உன் நூலகத்தில் ‘தி பப் அண்ட் தி பீப்பிள்’ இருக்கும், 1943இல் வந்தது; எடுத்துப் படி. மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வுக் குழுவினர் போல்ட்டன் நகர பப்களில் குந்தி, ஒரு கிளாஸ் காலியாக எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துக் குறித்திருக்கிறார்கள். கூட்டமாகக் குடிப்பவர்களின் கிளாஸ்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இறங்குகின்றன என்று அவர்கள் கண்டுபிடித்த இடத்தை நான் சிரித்துக்கொண்டே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். உனக்கு வேண்டியது வேறு பக்கம். ஒரே பப்புக்குள் வால்ட் என்று ஓர் அறை, லவுஞ்ச் என்று ஓர் அறை. அதே பீர் லவுஞ்சில் ஒரு பென்னி கூடுதல். வால்ட் ஆண்களுக்கு மட்டும். மலிவு பீர் எப்போதும் இருந்தது கதிர், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். பின்னால் அந்தச் சுவரை இடித்து எல்லாவற்றையும் லவுஞ்ச் ஆக்கினார்கள், லவுஞ்ச் விலையோடு. வால்ட்டில் குடித்தவன் எங்கே போவான்? அவனுக்காகக் கடைத்தெருவில் ஒரு வால்ட்டைத் தனியாகக் கட்டியவர்தான் டிம் மார்ட்டின் என்பது என் கட்சி. பெண்களும் உள்ளே வரலாம் என்பது முன்னேற்றம்.

இதனால் அந்த நிறுவனம் புண்ணியவான் ஆகிவிடாது. நூறு கஜத்துக்குள் இருக்கிற பப்புக்கு அடி பலமாகத்தான் விழுகிறது, அதுவும் போணியே மந்தமான செவ்வாய், புதன் மதியங்களில். சுற்றிலும் நாலு பப் மூடிய பிறகு, கணக்குச் சரிவரவில்லை என்று அதுவும் கிளையை விற்றுவிட்டுப் போனால் அந்த ஊருக்கு என்ன மிஞ்சும்? இதைக் கேள். வதந்தியைக் கேட்காதே.

நீ குடிக்கமாட்டாய் என்று தெரியும். லைம் சோடா எல்லா பப்பிலும் கிடைக்கும். ஒரு புதன்கிழமை மதியம் இரண்டு இடத்துக்கும் போ. தெருமுனைக்காரரிடம் மூன்றே கேள்வி: கட்டடம் யாருடையது, பீரை யாரிடம் வாங்கவேண்டும், இப்போது ஊற்றுகிற பீப்பாயை எப்போது திறந்தார்கள். கடைசிக் கேள்வியைக் கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கேள், மனுஷன் கோபித்துக்கொள்வார். பதில்களை எழுதி அனுப்பு. அறைத்தோழன் சொன்னதைச் சேர்க்க வேண்டாம்.

அன்புடன்,
உன் ஆசிரியன்